திடசித்தத்துடன் எழுதிய ஒன்பது உயில்கள்

பதினான்கு மாதங்களில் ஒன்பது உயில்கள் எழுதினேன். ஒன்பதும் என்னுடையவை. சொத்து என்று பார்த்தால் பெரம்பலூரில் ஓர் ஓட்டு வீடு, ஊருக்கு மேற்கே கொஞ்சம் கரிசல், கறவை நின்றுபோன ஒரு பசு. இவற்றை ஒன்பது விதமாகப் பிரிக்க முடியும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். இருதயம் நின்றுவிடப் போகிறது என்று நம்பி இதைச் செய்தேன். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

வெட்கம்தான். ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதே வியாதிக்காரர் யாராவது இதைப் படிக்கக்கூடும். தம்மைவிடப் பெரிய அசடு ஒருவன் பிழைத்துக் கிடக்கிறான் என்ற செய்தி அவருக்கு முதல் வேளை மருந்து.

நான் பத்திர எழுத்தர். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் என் பாய். உயிலுக்கு ஸ்டாம்புத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சியும் போதும். மிட்டாய்க் கடைக்காரன் தன் மிட்டாயைத் தின்னக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போயிற்று.

எங்கள் வழக்கப்படி உயில் இப்படித் தொடங்கும்: பூரண சுயபுத்தியுடனும், திடசித்தத்துடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதி வைப்பது. ‘திடசித்தம்’ என்ற சொல்லை எழுதும்போது என் கை ஆடிய ஆட்டத்தில், எழுத்து வரியை விட்டு இறங்கி அடுத்த வரிக்குப் போய்விடும்.

அடுத்த பாய்க்காரர் சவரிமுத்து. ஏலாக்குறிச்சிக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர். ஒன்பது உயிலுக்கும் முதல் சாட்சி அவர்தான். ஐந்தாவதைப் படித்துவிட்டுக் கேட்டார்:

“அண்ணே, போன மாசம் மாட்ட மருமவனுக்குன்னு எழுதினீங்க. இதுல அண்ணிக்குன்னு இருக்கு. மாடு எந்த வூட்டுக்குப் போறதுன்னு கொழம்பிப் போயிடாதா?”

“கையெழுத்துப் போடு சவரி. எனக்கு நேரமில்ல.”

“ஒங்களுக்கு நேரமில்லேன்னுதான் நாலு தடவ போட்டுட்டேன்.”

முதல் தாக்குதல் யுத்த காலத்தில், ஒரு மாசி மாதத்து முற்பகலில் வந்தது. ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்திருந்தார். அண்ணன் காலமாகிவிட்டாராம். எப்படி என்று கேட்டேன். எழுதுவதற்கு அது தேவையில்லை. கேட்டது என் வாய்.

“ஏர் ஓட்டிக்கிட்டு இருந்தாருங்க. ‘தண்ணி’ன்னாரு. மொண்டுக்கிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாருங்க.”

“வயசு?”

“ஒங்க வயசுதாங்க இருக்கும்.”

அடுத்த சொல்லை என்னால் எழுத முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ இருவர் ஓர் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல் இடி. மூச்சு இழுக்கிறேன், உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. வாய் வறண்டது, வேப்பமரம் தூரமாயிற்று. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு உறுதியாக இருந்த விஷயம் வேறொன்றும் கிடையாது.

பத்து நிமிஷத்தில் போய்விட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து பத்திரத்தை முடித்தேன். அந்த மனிதர்தான் எனக்கு விசிறிவிட்டார். துக்க வீட்டுக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. போதாததற்கு நான் படித்தவன். இரவல் வாங்கிய ஒரு தடித்த இங்கிலீஷ் வைத்தியப் புத்தகத்தில் இருதயத்தைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை வாசித்தேன். அதில் சொன்ன குறிகள் எல்லாம், கர்ப்பிணிகளுக்கு உரியவை தவிர, எனக்கு இருந்தன.

பயம் மனசில்தானே, உடம்பை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். காபியை நிறுத்தினேன், புளியை நிறுத்தினேன், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அப்படியும் வயிற்றில் எரிச்சல், புளித்த ஏப்பம். நடந்தால் நெஞ்சு அடிக்கிறதே என்று நடப்பதை நிறுத்தினேன். கெண்டைக்கால் சதை தொங்கிவிட்டது. கழுத்தும் தோளும் எந்நேரமும் விறைத்துக் கிடந்ததில் தலைவலி. வேட்டியை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டவேண்டி வந்தது. நாடி (மணிக்கட்டில் தெரியும் இரத்த ஓட்டத்தின் துடிப்பு) பார்த்துப் பார்த்து இடது கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கன்றல். அது இன்னும் லேசாக இருக்கிறது.

கிணற்றில் நீர் இறைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அதையும் விட்டேன். என் மனைவி தைலம்மாள் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அவள்தான் என்னை அரியலூர் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து விசிப்பலகையில் காத்திருக்கும்போது, “இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க, பத்திரம் மாதிரி சொல்லாதீங்க” என்றாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை (நெஞ்சில் வைத்து ஓசை கேட்கும் குழாய்) முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். குனிந்து நிமிரச் சொன்னார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஒங்க இருதயம் நல்லாருக்கு. நீங்கதான் அத நல்லா வச்சுக்கல.”

நரம்புத் தளர்ச்சி (உறுப்பில் பழுதில்லாமல், பயத்தால் உடம்பு முழுதும் பதறுவது) என்று பெயர் சொன்னார். புரோமைடு மிக்ஸ்சர் (நரம்பை அமர்த்தும் மருந்து) எழுதிக் கொடுத்தார். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“கம்பங்கொல்லைப் பரண்ல காவக்காரன் ஒக்காந்திருப்பான் பாத்திருக்கீங்களா? ஒருநா பன்னிய நெசமாப் பாத்துப் பயந்துட்டான்னு வைங்க. அப்புறம் காத்துல தோகை அசைஞ்சாலும் தகரத்தத் தட்டுவான். தகரச் சத்தம் நெசந்தான். பன்னிதான் கெடையாது.”

“பன்னி வந்துட்டா டாக்டர்?”

“அன்னிக்கு எங்கிட்ட வாங்க. அதுவரைக்கும் நடங்க, வேல செய்ங்க.”

சந்தோஷமாகத் திரும்பினேன். பஸ்ஸில் ஏறும்வரை.

அது பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் கொதிகலம் மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகைவாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. திணறும், இருமும், நிற்கும். அதன் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே வந்த எனக்கு, ‘இதற்கும் எனக்கும் ஒரே வியாதி’ என்று தோன்றியது. தோன்றிய கணத்தில் தகரம் தட்ட ஆரம்பித்துவிட்டது. வழியிலேயே இறங்கி, சோளத்தட்டை ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு வீடு சேர்ந்தேன். தைலம்மாள் வண்டியோடு நடந்தே வந்தாள்.

அதோடு பஸ் முடிந்தது. தனியாக இருப்பதும் முடிந்தது. தைலம்மாள் கடைக்குப் போனால் நானும் போனேன். அவள் தம்பி பெண்ணுக்கு உடையார்பாளையத்தில் காது குத்து, அவள் போகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “மாடு இருக்கு” என்பாள். மாட்டின் பெயரைச் சொல்லி என்னைக் காப்பாற்றினாள்.

எங்கள் ஒரே பெண் பவுனை அரியலூரில் கொடுத்திருந்தோம். அவள் கர்ப்பமானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; பெற்றவர்கள் நேரில் போய் அழைத்து வரவேண்டும். ஏழாம் மாதத்தில் நாள் பார்த்தோம். நான் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் விசில் கொடுக்குமுன் இறங்கினேன். பத்து நாள் கழித்து இன்னொரு நாள் பார்த்தோம். அன்று விசிலுக்குப் பிறகு இறங்கினேன். முன்னேற்றம்தான். எட்டாம் மாதம் அழைப்பதில்லை. ஒன்பதுக்குத் தள்ளிப்போயிற்று. சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பினார்: “பெத்தவங்களுக்குத் தோது இல்லேன்னா இங்கயே பெத்துக்கட்டும். மாட்டுவண்டியில இருவது மைலு குலுக்கிக்கிட்டுல்லாம் அனுப்ப மாட்டேன்.”

ஒன்பதாம் மாதம், நாளுக்கு இரண்டு நாள் முன்பு, தைலம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகி மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கிவிட்டது. நான் இறைக்க வேண்டிய நீரை இறைக்கும்போது விழுந்தாள்.

“நீங்க போயிட்டு வாங்க,” என்றாள்.

“வழியில எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“அங்க டாக்டராவது இருக்காரு. இங்க எங்கூட இருந்தா, நொண்டிக்கிட்டு நான் யாரப் போயிக் கூப்புடுவேன்? சாகறதுன்னாலும் அரியலூருதாங்க வசதி.”

பத்திர எழுத்தனாக இருபது வருஷம் கட்சிக்காரர்களின் நியாயங்களைக் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பலமான நியாயம் கேட்டதில்லை. கிளம்பும் நாள் காலையில்தான் ஒன்பதாவது உயிலை எழுதினேன். சவரிமுத்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்பினால் என்று நினைத்தேன். “எறங்கிடாம இருக்கத்தாண்ணே,” என்றார்.

போகும்போது தாக்குதல் வந்தது. இரண்டு முறை. மறைக்க ஒன்றுமில்லை, கடைசிப் பலகையில் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தகரம், தகரம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் நான் தகர வியாபாரி என்று நினைத்து விலை விசாரித்தார்.

மறுநாள் காலை திரும்பும்போது பவுனு முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் புளிச்சோற்று மூட்டையுடன். பேரளிக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. நடந்து போகிறவனுக்கு அது மேடு என்றே தெரியாது. கரி பஸ்ஸுக்குத் தெரிந்தது. பாதியில் நின்றுவிட்டது. கண்டக்டர் காதர் பாய் பின்பக்கம் போய் அடுப்பைக் கிளறினார், விசிறியைச் சுற்றினார், பிறகு உள்ளே தலையை நீட்டினார்.

“பொம்பளைங்க இருங்க. ஆம்பளைங்கள்லாம் எறங்கி ஒரு கை போடுங்க.”

நான் இருதயக்காரன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பவுனு திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மாதத்து வயிறு, முகத்தில் வியர்வை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “போங்கப்பா, ஒன்னும் ஆவாது,” என்றாள். இறங்கினேன்.

பின்னால் எட்டுப் பேர் சேர்ந்தோம். அடுப்பு படாத ஓரமாகப் பார்த்து ஒரு கம்பியைப் பிடித்தேன். தள்ளினோம். நெஞ்சு இடித்தது. மூச்சு போதவில்லை. கால் நடுங்கியது, கண் மங்கியது, வாய் வறண்டது. ஒவ்வொரு குறியாக எனக்குத் தெரிந்த வரிசையில் வந்தது. இதோ, இதுதான், நடுரோட்டில், என்று நினைத்துப் பக்கத்தில் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு பருத்தி வியாபாரி, பருமனான ஆள். அவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் காலும் நடுங்கியது. நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவ நடந்தே வந்துடுவேங்க. நடந்தா வண்டியத் தள்ளவேணாம்,” என்று சிரித்தார். எட்டுப் பேருக்கும் என் வியாதி இருந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் சாகவில்லை. ஒருவரும் உயில் எழுதவும் இல்லை.

டாக்டர் சொன்னபோது காதுக்குத் தெரிந்தது, அப்போதுதான் நெஞ்சுக்குத் தெரிந்தது. அடிப்பது இருதயத்தின் வேலை. அது வேலை செய்யும் ஓசையைத்தான் பதினான்கு மாதம் சாவின் ஓசை என்று கேட்டிருக்கிறேன்.

காதர் பாய், “போதுங்க அய்யா, கைய எடுங்க,” என்றார். எடுத்தேன். வண்டி நகர்ந்தது. ஓடிப்போய் ஏறினேன், ஆம், ஓடி.

பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டில் பேரன் பிறந்தான். வீட்டில் கிணற்றுக் கயிறு மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. முதல் வாரம் இரண்டு குடம்தான். தைலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். காகிதப் பஞ்ச காலமாகையால் ஒன்பது உயில்களையும் அவள் கடுகும் வெந்தயமும் மடிக்க எடுத்துக்கொண்டாள். சொத்து அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

தாக்குதல் இப்போதும் வரும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு. நான் ஓடி ஒளிவதில்லை. தகரம் ஓயும்வரை கிணற்றடியில் நீர் இறைக்கிறேன். இதைப் படிப்பவர் முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து இருதயம் நலம் என்று தெரிந்துகொள்ளட்டும். பன்றி உண்மையிலேயே வருவதும் உண்டு. அதற்குப் பிறகு மணிக்கட்டை விட்டுவிடட்டும். முன்பெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் என்பது எழுபத்திரண்டு துடிப்பு. இப்போது ஒரு நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பேரன் தோளில் தூங்கிப்போனால் அரைமணி கூட ஒரு நிமிஷமாக இருக்கிறது. அவன் தலை வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே இருதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சென்ற பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். சாகப்போகிறவன் என்று நினைத்த நான், கரி பஸ்ஸை மேட்டில் ஏற்றிய இடம் வந்ததும் பவுனு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்க எங்கப்பா தள்ளினீங்க? நான் ஜன்னல்ல தலைய நீட்டிப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நின்னீங்க. நீங்க கைய வுட்டப்பறந்தான் வண்டியே நவுந்துச்சு.”