காந்தம் எடுக்காத செம்பு

எபினேசர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் காந்தக் கிரேன் ஓட்டுகிறவர். கரண்ட் கொடுத்தால் காந்தத் தட்டு பழைய இரும்பை அள்ளிக்கொள்ளும், நிறுத்தினால் போட்டுவிடும். செம்பை மட்டும் அது தொடாது. அதனால் அந்த யார்டில் ஒரு வழக்கம். எபினேசர் இரும்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே கூலி வேலை பார்க்கும் லோகு அதற்கடியில் ஓடிப்போய், மிச்சம் கிடக்கிற செம்புக் கம்பியைப் பொறுக்கி வருவான். யார் ஆரம்பித்ததோ, பாழாய்ப்போன வழக்கம். மேனேஜர் முதல் எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மேலிருந்த இரும்பு முழுக்க லோகுவின் மேல் விழுந்தது.

சொல்லச் சொல்லக் கேட்காமல் அவனாகவே உள்ளே போய்விட்டான் என்று மேனேஜர் லோகுவின் மனைவி கங்கம்மாவிடம் சொல்லி முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற எபினேசர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மனுஷன் மரத்துப்போனார். அழுகையும் வரவில்லை, ஒரு இழவும் வரவில்லை. காரியத்துக்கும் போகவில்லை. செத்தவனைத் திட்டிக்கொண்டே கங்கம்மா காலம் தள்ளுவாளே என்பது மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மகள் ஏஞ்சல் தன் பாடத்தைச் சொன்னாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள், அப்பாவைப் பேசவைக்க அவளும் எதையாவது சொல்லிப் பார்க்கிறாள். செத்த நட்சத்திரத்தின் மிச்சமாம், ஒரு ஊர் அளவுதான் இருக்குமாம், பயங்கரக் காந்தமாம். வானத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கிற ரேடியோ அலைகள், இந்த மாதிரி நட்சத்திரங்களில் ரொம்ப மெதுவாகச் சுற்றுகிற சிலவற்றிலிருந்து வரலாம் என்று சிலர் நினைக்கிறார்களாம். வேகமாகச் சுற்றினால் வெடிப்பில் ஒரு தாளம் பிடிபட்டிருக்கும், பிடிபடவில்லையே என்பது அவர்கள் வாதம்.

எபினேசர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "கரண்ட் போச்சுன்னா?"

"அதுக்குக் கரண்ட்டே வேணாம்பா. ஆயிரக்கணக்கான வருசம் அது பாட்டுக்குக் காந்தமா இருக்கும்."

"அப்ப எதுவும் கீழ உழாது."

அவர் கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு கங்கம்மா வீட்டுக்கு நடந்தார்.

கங்கம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"அவனா போவலம்மா. நான் தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தேன். எப்பவுமே அப்டித்தான்."

மடித்த துணியை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தெரியும்ணா. டெய்லி ஊட்ல சொல்லும், எபி அண்ணன் மேல இருந்தா எனக்கு பயமே இல்லன்னு."