கந்தப்பனின் கடல் உடுப்பு

2023ஆம் ஆண்டு ஜூன் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, திருப்பூர் அவிநாசிச் சாலையிலிருந்த நீச்சல் குளத்தின் வாசலில் இந்துமதி முதன்முதலாகக் கந்தப்பனைக் கண்டாள். இரவு வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, கடலுக்கடீல போறதுக்குப் பழக்கிக் குடுக்கறது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்கண்ணா. இங்க குளத்துல பழக்குவேன். கடலுக்குக் கூட்டிட்டுப் போறவரு பாண்டிச்சேரில இருக்காரு. நானும் கூட வருவேன்."

"அடீல சத்தம் இருக்குமுங்களா?"

வருகிறவர்கள் மீனைப் பற்றிக் கேட்பார்கள். சுறா கடிக்குமா என்று கேட்பார்கள். தண்ணீருக்குள் படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். சத்தத்தைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவரே. இந்துமதி வாரத்தில் ஆறு நாளும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரரிடம் மன்னிப்பும், தையற்கூடத்தில் கோபமும் மாற்றி மாற்றிப் பேசிப் பேசித் தொண்டை வறள்வதுதான் அவள் பிழைப்பு. ஞாயிறு காலைகளில் மட்டும் ஸ்கூபா பழக வரும் புதியவர்களுக்கு முதற்பாடம் நடத்துவாள்.

"ஃபோன் சத்தம் இருக்காதுங்கண்ணா. ஆனா நம்ம மூச்சுச் சத்தம் நல்லாவே கேக்கும்."

"மூச்சு நம்மளுதுங்க. அது சத்தத்துல சேராது" என்றார் கந்தப்பன்.

பிறகுதான் கதை தெரிந்தது. இருபது வருடங்கள் அவர் பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரங்களின் நடுவே நின்றவர். காது மந்தமாகிவிட்டது என்று கட்டிங் பிரிவுக்கு மாறி, அங்கே மாஸ்டராகவும் ஆனார். இயந்திரங்களை விட்டு விலகியபின்னும் அவற்றின் இரைச்சல் அவரை விட்டு விலகவில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இரண்டு காதுகளிலும் ஓடிக்கொண்டே இருந்தது. காது மருத்துவர் இரண்டு செய்திகள் சொன்னார்: செவிப்பறை நன்றாக இருப்பதால் கடலுக்குள் போகலாம்; இந்த இரைச்சல் மட்டும் தீராது. கந்தப்பன் முதற்செய்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

உடுப்பு விஷயத்தில் தொடக்கத்திலேயே தகராறு. புதியவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது என்றாள் இந்துமதி.

"அடுத்தவங்க போட்ட பனியன நான் போட மாட்டனுங்க அம்மிணி. பனியன் கம்பெனிலயே இருந்துட்டு அது கேவலமுங்க."

சரி, சொந்தமாகவே வாங்கட்டும் என்று இணங்கினாள். வெட்சூட் என்பது நுரைபோன்ற ரப்பரால் ஆனது; அது தண்ணீரைத் தடுப்பதில்லை; உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக வைத்திருப்பதே அதன் வேலை; அதனால் இரண்டாம் தோலைப்போல ஒட்டிக்கிடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். அளவும் எடுத்தாள். மீடியம் போதும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பெட்டி வந்ததும் பிரித்துப் பார்த்தால் எக்ஸ்ட்ரா லார்ஜ்.

"என்னங்கண்ணா இது?"

"மொத வாஷ்ல சுருங்குமல்லங்க?" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதைப்போல. "கூடுதல் விடாம மொட்டையா மீடியம் வெட்டுனா வாஷிங் போயிட்டு வரும்போது ஸ்மாலா நிக்கும். எத்தன லாட் பாத்துருக்கறனுங்க!"

"இது பருத்தி இல்லீங்கண்ணா. ரப்பர். சுருங்காது."

"சுருங்காத துணி எங்கீங்க இருக்குது?"

அவர் அதை மூன்று முறை ஊறவைத்துத் துவைத்துப் பார்த்தார். சுருங்கவில்லை. அணிந்துகொண்டு குளத்தில் இறங்கினால் முதுகுப்புறம் கோணிப்பைபோல் தண்ணீர் நிறைந்து தொங்கியது. மாற்றி வாங்கலாம் என்று இந்துமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வாரம் உடுப்பைக் கச்சிதமாக்கிக் கொண்டுவந்துவிட்டார். திருப்பூரில் அளவு தவறிய துணி எதுவானாலும் பத்து நிமிடத்தில் ஆல்டர் ஆகிவிடும். ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் கம்பெனி ஓவர்லாக் மெஷினில் இரண்டு பக்கமும் ஓட்டிவிட்டார். பசைவைத்து, ஊசி மறுபுறம் வராமல் இணைத்திருந்த பழைய தையல்களை ஓவர்லாக்கின் கத்தி சீவித் தள்ளியிருந்தது. புதிய தையலின் ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிந்தது. இந்துமதி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அவர் முகத்தில் இருந்த திருப்தியைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

காலுக்குரியது மட்டும் சரியாக அமைந்தது. நீந்துவதற்குக் காலில் மாட்டும் தகடான ஃபின்களில், செருப்புப்போல் நேரே மாட்டுவது ஒரு வகை. மெல்லிய காலணி அணிந்து, குதிகாலில் வார் போட்டு இழுத்துக் கட்டுவது இன்னொரு வகை. விறைப்பான நீளத் தகடு புதியவரின் கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, இரண்டாம் வகையில் குட்டையாய், வளைகிறதாய் ஒன்றை அவள் காட்டினாள். கந்தப்பன் அதை வளைத்து விட்டார். அது பழையபடி நிமிர்ந்தது. "ரிப் துணியாட்டத் திரும்பி வருதுங்க" என்று மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். மனைவி தெய்வாத்தாள் அதற்கு வாத்துச் செருப்பு என்று பெயர் வைத்தார்.

"காதுல மிசின் ஓடுதுன்னு வாத்துச் செருப்புப் போட்டுக்கிட்டு எந்த ஊர்ல வைத்தியம் பாக்கறாங்க?" என்று ஒருநாள் குளத்துக்கே வந்து இந்துமதியிடம் கேட்டார். "நீயாச்சும் சொல்லு கண்ணு. நாஞ் சொன்னா அவிங்களுக்குக் காது கேக்காது."

"நல்லாக் கேட்டுச்சு" என்றார் தண்ணீருக்குள் நின்ற கந்தப்பன்.

குளத்தின் அடியிலும் இரைச்சல் இருந்தது. அது வடிகட்டி மோட்டார் என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். கடலில் மோட்டார் இல்லையல்லவா?

அடுத்த பிப்ரவரியில் புதுச்சேரிக்குப் போனார்கள். படகில் அந்தப் பாண்டிச்சேரிப் பயிற்சியாளர், பூர்வீகத்தில் தூத்துக்குடிக்காரர், ஒரே விதியைப் பலமுறை சொன்னார்: எது நடந்தாலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது; விட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கந்தப்பன் ஃபின்னின் வாரைத் தானே இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கயிற்றைப் பிடித்து மெல்லக் கீழே போனார்கள். ஓவர்லாக் தையல் வழியே குளிர்ந்த நீர் விலாவில் ஏறியது. அவர் நடுங்குவது இந்துமதிக்குத் தெரிந்தது; அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மணல் தட்டியதும் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரின் வாயிலிருந்து குமிழிகள் நின்றன.

இந்துமதி பதறிப்போய் அவர் தோளைப் பற்றினாள். காற்று இருந்தது, குழாய் சரியாக இருந்தது. மூச்சு விடுங்கள் என்று கையால் காட்டினாள். அவர் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னே கண்களை மூடி, தலையைச் சற்றே சாய்த்திருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூச்சுச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அவரை உலுக்கிய உலுக்கலில் கண்களைத் திறந்தார். குமிழிகள் ஒரு கொத்தாய் வெளியேறின. கட்டைவிரலை மேலே காட்டினார். கடலுக்கடியில் அதற்கு மேலே போகலாம் என்று பொருள்.

"அண்ணாச்சி, மூச்சைப் பிடிக்கப்படாதுன்னு அத்தனை மட்டம் சொன்னேம்லா!" என்று படகில் பயிற்சியாளர் கத்தினார். கந்தப்பன் அவருக்குக் கைகூப்பினார். பிறகு இந்துமதியின் பக்கம் திரும்பி, "அங்கயும் ஓடுதுங்க அம்மிணி" என்றார். "மேல விட இன்னும் தெளிவாக் கேக்குது."

மீன்பிடிப் படகுகள் பக்கத்தில் போயின, அந்தச் சத்தமாக இருக்கும், நாளைக்கு இன்னும் தள்ளி, ஆழமான இடத்தில் பார்க்கலாம் என்றாள். தான் சொல்வதை அவளே நம்பவில்லை. அவர் நம்பப் பார்த்தார். "போட்டுச் சத்தமாக் கூட இருக்குமுங்க" என்றார். இந்துமதி கூடவே இருந்தால் மட்டும் இறக்குகிறேன் என்று பயிற்சியாளரும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, படகு கிளம்புவதற்கு முன்பு, அவளுடைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சோதனையில் ஒரு சரக்கு முழுதும் நிராகரிப்பு. வாங்குபவரின் ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் உடனே வர வேண்டும். இந்துமதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது கந்தப்பன் உடுப்பைப் பாதி அணிந்திருந்தார்.

"ஒரு தடவ கடலுக்கு வர்றதுக்கு நான் உங்களுக்குப் பாக்கி வெச்சிருக்கேனுங்கண்ணா. எப்பக் கூப்புட்டாலும் வர்றேன். அன்னிக்கு எந்த ஷிப்மெண்ட் நின்னாலும் சரி."

"அதுக்கென்னுங்க அம்மிணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருங்க" என்று சொல்லி, கைகளை உடுப்பிலிருந்து உருவத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளத்துக்கு வருவது நின்றது. அந்த ஆண்டிலேயே செவித்திறன் மேலும் குறைந்தது. வெளிச்சத்தங்கள் ஒவ்வொன்றாய் விலக, உள்ளே ஓடியது மட்டும் தங்கியது. ஒரு முறை அவருடைய கம்பெனிக்கு ஆய்வுக்குப் போன இந்துமதி, கட்டிங் மேசையருகே நின்று, "எப்பப் போலாங்கண்ணா?" என்று கத்தினாள். அவர் அவள் உதடுகளை உற்றுப் பார்த்தார்.

"இப்பத்தைக்கு வேண்டாமுங்க" என்றார். "அந்த ஆழத்துலயும் அமைதி இல்லீன்னு ஆயிப்போச்சுன்னா, அப்பறம் நான் எங்கீங்க போறது?"

பிறகு குனிந்து துணியைச் சரிசெய்தார்.

அதன்பின் அவள் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் தெய்வாத்தாளே எடுத்தார். ஃபோனில் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்றார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்துமதி ஒரு வாரம் விடுப்பு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஒரு தடவையைக் கந்தப்பன் கேட்கவே இல்லை.