நனையாத கட்டு

தொட்டிக்குள் விட்ட கையில் ஏதோ சிக்கியது. கீரைத்தண்டு என்று நினைத்து இழுத்தாள். வால். மீதியும் பின்னாலேயே வந்தது, வயிறு ஊதி, ரோமம் கழன்று. சுவருக்கு அப்பால் வீசிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்தாள். துடைத்த கையால் அடுத்த கொத்தமல்லிக் கட்டை எடுத்தாள்.

"என்னக்கா மாட்டுச்சு?" பக்கத்துத் தொட்டியிலிருந்து ரேடியோ கேட்டாள். வாய் ஓயாததால் கீரை மண்டிக் கொட்டகையில் அவளுக்கு அந்தப் பெயர்.

"எலி."

"நேத்து எனக்கு ஒண்ணு. ஜோடி சேர்ந்துடுச்சு போ."

இவள் மேஸ்திரியிடம் தண்ணீரை மாற்றச் சொன்னாள். அவர் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சாயங்காலம் மாத்திக்கலாம். குடிக்கவா போறே?"

பின்னால் ஓடும் வாய்க்காலிலிருந்து மோட்டார் வைத்துத் தொட்டிகளை நிரப்புவார்கள். கறிக்கடை வரிசையையும் பொதுக் கழிப்பறையையும் கடந்துதான் வாய்க்கால் கொட்டகைக்கு வருகிறது. விடியும்போது கலங்கலாக இருக்கும் தண்ணீர் பத்து மணிக்குத் தேநீர் நிறமாகும். ஓரங்களில் மஞ்சள் நுரை ஒட்டும். அதில் கட்டைத் தலைகீழாக மூன்று முறை முக்கி, உதறி, இலை வெளியே தெரிய அடுக்க வேண்டும். மண் போவதற்காக அல்ல. நீர் சொட்டும் கட்டைத்தான் கடைக்காரர்கள் எடுப்பார்கள். உலர்ந்திருந்தால் நேற்றைய சரக்கு என்று தள்ளிவிடுவார்கள்.

பதினொரு வருடமாக இந்த வேலை. விரலிடுக்குத் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. எந்தச் சோப்புக்கும் அந்த வாடை போகவில்லை. எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டில் பச்சையாகக் கிடப்பதை ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். தள்ளிய பிறகும் தொண்டையில் அந்த நுரை ஏறி நிற்கும்.

மகளுக்கு ஏழாம் மாதம். முந்தையது ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இப்போது ரத்தம் போதவில்லை என்று நர்ஸ் சொன்னாள். வெந்தது எதன் வாசம் வந்தாலும் மகள் ஓங்கரித்தாள். பச்சை இலை மட்டும் உள்ளே இறங்கியது. நறுக்கி எலுமிச்சை பிழிந்து, ஆடு மாதிரி மென்றாள். அதையும் வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

அதனால் தினமும் லாரியிலிருந்து இறங்கும்போதே ஒரு கட்டை உருவி, சாக்கில் சுற்றி, ஆணியில் மாட்டிவிடுவாள். வீட்டில் குழாய்த் தண்ணீரில் உப்புப் போட்டு, ஒவ்வொரு இலையாகப் புரட்டி, நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுவாள். அப்புறம்தான் மகள் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

ஏன் நனைப்பதில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. ரேடியோ தன் மூன்று பிள்ளைகளுக்கும் தொட்டியில் முக்கியதைத்தான் எடுத்துப்போகிறாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "அது என் பொண்ணுக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

எலி சிக்கிய அன்று மதிய லாரி தாமதம். மேஸ்திரி அவளை இருக்கச் சொல்லிவிட்டார். ரேடியோவின் வீடு மகளின் தெருவிலேயே.

"குடுக்கா, நான் போற வழிதானே."

"குழாயில நல்லாக் கழுவச் சொல்லு."

"கழுவுறதுல எனக்கே பாடமா!" சிரித்துக்கொண்டே ரேடியோ ஆணியிலிருந்து சாக்கைக் கழற்றினாள்.

மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. பேதியில் ரத்தம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து பாட்டில் ஏற்றினார்கள். குழந்தையின் துடிப்பு கேட்கிறது, ஆனால் இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மாலையில் ரேடியோ பார்க்க வந்தாள். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எவ்ளோ ஆசையாத் தின்னா! சாக்கைப் பிரிச்சா வாடிப்போய்க் கிடக்குது. மாசமா இருக்கிற பொண்ணுக்கு இதையா குடுக்கிறதுன்னு எனக்கே மனசு கேக்கலக்கா. நம்ம தொட்டியில நாலு முக்கு முக்கி உதறினேன் பாரு, என்னா பளபளப்பு! அத்தை நானே கழுவிட்டேன், அப்படியே சாப்பிடு கண்ணுன்னு கையில குடுத்துட்டு வந்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த அவள் எழுந்து வார்டு மூலையிலிருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனாள். குனிந்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. நுரை மட்டும் வந்தது, மஞ்சளாக. குழாயைத் திறந்து அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்:

"அந்தத் தண்ணியில எலி கிடந்துச்சு."

"அதைத்தான் எடுத்துட்டியேக்கா."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கக்கூஸ் தண்ணிடி அது. உன் பிள்ளைங்களுக்கும் குடுக்காதே."

ரேடியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இத்தனை நாளா தெரியுமா உனக்கு? உன் பொண்ணுக்கு மட்டும் தனியா எடுத்து வச்சியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு லாரி வந்தது. தொட்டியில் புதுத் தண்ணீர், அதே வாய்க்காலிலிருந்து. ஆணியில் எதுவும் மாட்டவில்லை. ரேடியோ பேசவில்லை. வேலை முடிந்து போகும்போது ரேடியோவின் கையிலும் கட்டு எதுவும் இல்லை. அடுக்கியதெல்லாம் பதினொரு மணிக்குள் விற்றுப்போனது. இவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. குழந்தையின் துடிப்பு இருந்தது. இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. குழைந்த சோறு, மேலே நறுக்கிய கொத்தமல்லி. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் குப்பைவாளியில் போட்டாள். இலை கிடந்த இடத்துச் சோற்றையும் வழித்துப் போட்டாள். மீதியில் இரண்டு கரண்டியை மகள் சாப்பிட்டாள். அவள் தன் கையால் ஊட்டவில்லை, நர்ஸ் ஊட்டினாள். மதிய லாரிக்குக் கொட்டகைக்குத் திரும்பினாள்.