ட்செலிசோவின் போர்வை

ஓடைக்கரைப் பாப்லர் மரங்கள் மஞ்சளாகிவிட்டால் எங்கள் மலையில் மனிதர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் வந்துவிடும். கோடை முழுக்க மேய்ச்சல் எல்லைக்காகக் கம்பு தூக்கியவர்கள் குளிர் தொடங்கும் ஏப்ரல் பிறந்ததும் ஒரே நெருப்பைச் சுற்றி முழங்கால் இடிக்க உட்கார்ந்து, புளித்த சோளக்கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பார்கள். லெசோத்தோவில் பாசத்துக்குப் பாதிக் காரணம் குளிர்.

மாட்செலிசோவுக்கு இந்தப் பருவம் மற்ற எல்லாரையும்விட ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். கூரைமேல் பிளந்து போட்ட பீச் பழங்கள் சுருங்கித் தோலாகும். தொழுவத்திலிருந்து செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்த சாணக்கட்டிகளைச் சுவர்போல அடுக்கி, நாலடி பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பாள். முதல் பனி விழுந்த அன்று குடிசைக்குள் நெருப்பு மூட்டி, உள்ளங்கைகளை நீட்டி, ஒரு பெருமூச்சு விடுவாள். இவ்வளவும் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள சந்தோஷம்தான். அவளுடைய கூடுதல் பங்கு சுவரோரம் இருந்த மரப்பெட்டியில் இருந்தது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் அவள் பெயர் மாட்செலிசோ, அதாவது ட்செலிசோவின் அம்மா. எங்கள் பக்கத்தில் மருமகள் வாசலை மிதித்த அன்றே, பிறக்கப்போகும் பேரனுக்கு மாமனார் பெயர் வைத்துவிடுவார். பெற்றோர் இட்ட பெயரை அவள் அன்றோடு மறந்துவிட வேண்டும். பிள்ளை பிறகு சாவகாசமாக வந்து தன் பெயரை எடுத்துக்கொள்ளும். ட்செலிசோ என்றால் ஆறுதல். முப்பத்திரண்டு வருடமாக ஊரே அவளை ஆறுதலின் அம்மா என்று கூப்பிடுகிறது. அதில் ஒருவருக்கும் கேலி தோன்றியதில்லை. கேலிக்கு மாபலேசா என்று தனியாக ஓர் ஆள் பக்கத்து வீட்டில் இருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு செரோபே. தலைப்பிள்ளை பிறந்ததும் கணவன் தன் கையால் மனைவிக்குப் போர்த்தும் கம்பளிப் போர்வை அது. வேறு எதற்காகவும் அதைத் தொடக்கூடாது. கல்யாணமான வருடம் டிசம்பரில், அவள் கணவன் மொகெத்தி வெல்காம் தங்கச் சுரங்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அதை வாங்கி வந்தான். காய்ந்த ரத்தத்தின் நிறம், நடுவில் சோளக்கதிர், ஓரங்களில் நிமிர்ந்த கோடுகள். ஒரே ஒருமுறை பிரித்துக் காட்டினான். அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

ஒவ்வொரு வருடமும் முதல் பனி அன்று அவள் கேட்பாள். சுரங்கம் ஆட்களைக் குறைத்து, அவன் நெஞ்சில் கல்தூசியோடு நிரந்தரமாக ஊர் திரும்பும்வரை அந்தக் கேள்வியை அவன் விடுமுறைக்கு வரும் கோடை டிசம்பருக்குத் தள்ளிவைத்தும் கேட்டிருக்கிறாள்.

"ன்டாட்டே, குளிருது. பெட்டியைத் திறப்பமா?"

ன்டாட்டே என்றால் அப்பா, ஐயா, கட்டியவன் எல்லாம்தான்.

"அது குளிருக்கு இல்ல மே" என்பான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். மே என்றால் அம்மா. பிள்ளையில்லாத இரண்டு பேர் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்று அழைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மறுப்புதான் அவளுக்கு வேண்டியது. மறுக்கிறான் என்றால் இன்னும் எதிர்பார்க்கிறான் என்று பொருள். நாற்பது வயதில் அதை நம்பினாள். ஐம்பதில் நம்பவில்லை, ஆனால் கேட்டாள். ஐம்பத்தாறில் அது நம்பிக்கை இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அவன் இல்லை என்று சொன்னதும் வயிற்றில் ஓர் இளஞ்சூடு பரவும். ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளாமலே அதில் முப்பத்திரண்டு குளிர்காலம் காய்ந்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

"உன் மகனுக்கு இப்ப மீசை முளைச்சிருக்கணுமே" என்பாள் மாபலேசா, ஐந்து பெற்றவள். "அந்தப் போர்வைக்குள்ள பூச்சியாவது குட்டி போட்டிருக்கும், போ."

"பூச்சி வராது. வருஷம் தவறாம அவர் பாச்சை உருண்டை வாங்கிப் போடறார்."

அது உண்மை. அவள் ஓடைக்குத் தண்ணீருக்குப் போகும் நேரமாகப் பார்த்து, அவன் பெட்டியைத் திறந்து புது உருண்டைகள் போட்டுப் பூட்டிவிடுவான். திரும்பி வந்தால் குடிசை முழுக்க அந்த வாசனை. அவளுக்கு அது பீச் பூ மாதிரி.

இந்த வருடம் குளிர் முன்கூட்டியே இறங்கியது. ஏப்ரல் பாதியிலேயே உச்சிகளில் பனி. மொகெத்தியால் இப்போது சுவரில் சாயாமல் உட்கார முடியாது. சாணக்கட்டிப் புகை அவன் நெஞ்சைப் பிடித்தது. நெருப்பை அணைத்தால் குளிர் பிடித்தது. மருந்தகத்து நர்ஸ் சுலபமாகச் சொல்லி அனுப்பினாள்: புகை ஆகாது, குளிரும் ஆகாது. படித்த பெண். நெருப்பை வாசலில் மூட்டிக் கல்லைச் சுடவைத்து, துணியில் சுற்றி அவன் காலடியில் வைத்தாள் மாட்செலிசோ. கல் ஆறியதும் மறுபடி. தன் பழைய சாம்பல்நிறப் போர்வையையும் அவன்மேலேயே போட்டாள். அப்படியும் அவன் பற்கள் தட்டுவது நின்றபாடில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், ஓடை ஓரமெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. இந்தத் தடவை அவள் சடங்குக்காகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அவன் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்றும் பயந்தாள்.

"ன்டாட்டே. பெட்டியைத் திறந்துக்கிறேன்."

அவன் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றிக் கொடுத்தான்.

அவ்வளவுதான். அவள் எழவில்லை. சாவி அவன் உடம்புச் சூட்டோடு அவள் உள்ளங்கையில் கிடந்தது.

"இல்லன்னு சொல்லேன்" என்றாள்.

"எத்தனை தடவை சொல்றது?"

ஆக, அவள் மகன் செத்துப்போனான். பிறக்காதவன் சாவதற்கு எங்கள் வழக்கத்தில் மொட்டை அடிப்பது, துக்கத்துணி கட்டுவது எதுவும் இல்லை. எழுந்து போய்ப் பூட்டைத் திறப்பது ஒன்றுதான் இருந்தது. அவள் மண்டியிட்டுத் திறந்தாள்.

பெட்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் பாச்சை உருண்டைகள். புதியவை கோலி அளவு, பழையவை மிளகு அளவு, அதற்கும் பழையவை வெறும் வெள்ளைப் பொடி. வேறு ஒன்றும் இல்லை.

அவள் செய்தித்தாளையும் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் சரியாக விரித்து வைத்தாள்.

"யாருக்கு?"

அவன் மூச்சு வாங்கினான். "வெல்காம்ல. துணி வெளுத்துக் கொடுக்கிற பொண்ணுக்கு. நாலாவது வருஷம்."

நாலாவது வருடம் அவளுக்கு நினைவிருந்தது. ஜனவரியில் வேலைக்குத் திரும்பும்போது அவன் பை வீங்கியிருந்தது. உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. பையின் வாய் மூடாததால் முழங்காலை வைத்து அழுத்தி, கயிறு கட்டிக் கொடுத்தாள். மேலே ஒரு பொட்டலம் பீச் வற்றலும் சொருகினாள்.

"பையனா?"

"ம்."

"பேரு?"

வெளியே ஓர் ஆடு கழுத்துமணியை ஆட்டிக்கொண்டு போனது.

"அப்பா வச்ச பேருதான்."

மாட்செலிசோ பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் ட்செலிசோ பிறந்திருக்கிறான். தவழ்ந்திருக்கிறான், பள்ளிக்கூடம் போயிருக்கிறான், இந்நேரம் மீசையும் இருக்கும். மாபலேசாவின் கணக்கு சரிதான். அம்மா மட்டும் மாறியிருக்கிறாள்.

"வருஷா வருஷம் எதுக்கு உருண்டை போட்ட?"

"நீ மோந்து பார்ப்பியே" என்றான் அவன்.

அவன் பொய்களிலேயே அதிகம் பாடுபட்டுச் செய்தது அது. அவள் அறிந்த அன்பிலும் அதுதான் பெரியதோ என்று ஒரு கணம் தோன்ற, அந்த எண்ணத்தின் மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது. அவன் பற்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன.

அவள் வெளியே போய்க் கோடாலியோடு வந்தாள். மொகெத்தி கண்ணை மூடிக்கொண்டான், என்ன எதிர்பார்த்தானோ. முதல் வெட்டில் மூடி பிளந்தது. நல்ல பைன் பலகை. ஓடைக்கரையைத் தாண்டினால் மரமே இல்லாத இந்த மலையில் அந்த மாதிரி விறகை யாரும் அடுப்பில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். குடிசை நடுவில் அடுக்கி மூட்டினாள். சாணக்கட்டிபோல மூச்சைப் பிடிக்கும் புகை இல்லை. சுடர் நிமிர்ந்து நின்று எரிந்தது. சூடு முதலில் முழங்காலுக்கு வந்தது, பிறகு முகத்துக்கு, பிறகு முதுகுப்புறச் சுவருக்கே வந்தது. அவள் தன்னையறியாமல் உள்ளங்கைகளை நீட்டினாள். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மரவாசனை பிடித்துக்கொண்டு மாபலேசா வந்து சேர்ந்தாள்.

"என்ன மே, துரை வீடு மாதிரி விறகு எரியுது? எங்கிருந்து வந்துச்சு?"

"வீட்லதான் இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷமா."

மாபலேசா நெருப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பிளந்து கிடந்த மூடியையும் பூட்டையும் பார்த்தாள். மொகெத்தியைப் பார்த்தாள். அவன்மேல் பழைய சாம்பல்நிறப் போர்வைதான் கிடந்தது. அவனுக்கு நடுக்கம் நின்றிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான்.

"அப்போ அந்தச் செரோபே?"

"அதைப் போர்த்தியாச்சு" என்றாள் மாட்செலிசோ. "கை நீட்டிக் காய், மாபலேசா. இது ரொம்ப நேரம் நிக்காது."