கசார்வாடியில் முதலாளி யார்?

சில சாமான்களை அரசாங்கம் சிறுதொழில்காரர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று விதி வந்தாலும் வந்தது, பெரிய முதலாளிகளெல்லாம் ராவோடு ராவாகச் சின்னவர்களாகிவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம், புனே கேம்ப்பில் ஓர் அரசு அலுவலகத்தில், அவர்களில் யார் அசல் என்று நேரில் பார்த்து எழுதுவது என் வேலை. ஃபைலோடு மாரடித்தவர்களுக்கு அந்தப் பாட்டைச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஒன்று இரண்டானது

இரும்பு அலமாரி செய்கிற ஒருவர், ஷெட்டின் நடுவே சுவர் எழுப்பி, அண்ணன் பேரில் ஒரு யூனிட், தம்பி பேரில் ஒரு யூனிட் என்று மனுப் போட்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் என்னை வழியனுப்பிய மேனேஜரே, நான் சுற்றிக்கொண்டு தம்பி பக்கம் போனால், மூச்சிரைக்க நின்று வரவேற்றார். வெயில் தாங்காமல் சுவரில் சாயப் போனேன். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் பதறிக் கத்தினார்:

“சாயாதீங்க சாஹேப், நேத்துதான் பூசினது, சட்டையில ஒட்டிக்கும்!”

முதலாளியம்மா

பெண்கள் நடத்தும் யூனிட்டுக்குச் சலுகை என்றதும் மனைவியை முதலாளியாக்கியவர்கள் அநேகம். விஷ்ராந்த்வாடிப் பக்கம் அட்டைப்பெட்டி செய்கிற ஒருவர், தன் மனைவியிடம் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். “சட்டப்படி முதலாளி அவங்கதானே, அவங்க சொல்லட்டும்” என்றேன், என் அரைகுறை மராத்தியில். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘நிர்வாகம் மனைவி கையில் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு மாசம் கழித்து மறுபடி மனு வந்தது. போனேன். ஷெட் சாவி அந்த அம்மாளின் இடுப்பில் இருந்தது. ஆர்டர், ஆள், சரக்கு எல்லாவற்றுக்கும் அவரே மடமடவென்று பதில் சொன்னார். வாசல்வரை வந்த கணவர் என் காதோரம் முனகினார்:

“கையெழுத்து மட்டும் போடுன்னுதான் சொன்னேன் சாஹேப். இப்ப நான் லீவு எடுக்கவே அவகிட்ட கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு!”

ஒரு போல்ட்

கசார்வாடி சாந்தாபாயை மறக்க முடியாது. இறந்துபோன கணவரின் ஒரே லேத்தை வைத்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் போல்ட் கடைந்து பிழைத்தவர். என்னோடு வந்த புது அதிகாரி, “பொம்பளை லேத் ஓட்டுறதாவது! பினாமின்னு எழுதுங்க” என்றார். எழுதினால் ஆர்டர் போய்விடும். பட்டறையை மூட வேண்டியதுதான். எனக்குப் பேனா ஓடவில்லை.

சாந்தாபாய் வாதாடவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மோட்டாரைப் போட்டார். கால்மணி நேரத்தில் ஒரு போல்ட்டைக் கடைந்து, மரை போட்டு, சூடு ஆறுமுன் அதிகாரியின் கையில் வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் மனசு கேட்காமல், “இங்கே ஆம்பளைங்க யாருமே இல்லையா?” என்றார்.

“இருக்கான் சாஹேப், என் தம்பி. உள்ளே உங்களுக்கு டீ போட்டுக்கிட்டிருக்கான்.”

சட்டம் என்னவோ எளியவர்களைக் கைதூக்கிவிடத்தான் வந்தது. அந்த எளியவர் யாரென்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத்தான் ஏழெட்டு ஜோடிச் செருப்பு தேய்ந்துபோயிற்று.