இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்தவர்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் உடம்பையும் பிழைப்பையும் விசாரித்து எழுதிக்கொண்டு வருவது என் வேலை. கேள்விகள் எல்லாம் கையோடு கொண்டுபோகிற டேப்லெட்டில் இருக்கும், டேப் என்போம். நான் வாசிப்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள், நான் திரையில் அந்தப் பதிலைத் தொடுவேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, குனிந்து நிமிர முடிகிறதா, சொந்த நிலம் உண்டா, போன வாரம் எத்தனை நாள் மனசு சரியில்லாமல் இருந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கேட்டு முடிப்பதற்குள் இல்லாத வியாதியும் அவர்களுக்கு வந்துவிடும். எனக்கே நாற்பத்தேழு ஆகிறது. என் முட்டியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்து அடுத்தவர் முட்டி வலியை எழுதுகிறேன்.

இந்தப் பதில்கள் எல்லாம் எங்கேயோ போய்ச் சேரும். யாருக்கு உடம்பு சீக்கிரம் தேய்கிறது, யாருக்கு வைத்தியம் எட்டுகிறது, நிலம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வயதான காலத்தில் என்ன வித்தியாசம் என்று படித்தவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதியமான்கோட்டையில் காலை ஏழு மணிக்கு வண்டி ஏறி, நாள் பூராவும் மற்றவர்களின் நோவைக் கேட்டுவிட்டு, இருட்டும்போது வீடு திரும்புகிறவளுக்கு அந்த நல்ல காரியம் அவ்வளவாகக் கண்ணில் படாது. காலை நீட்ட இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருக்கும்.

முதல் சுற்றின்போது இண்டூரைத் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். எனக்கு விழுந்தது ஒரு பழைய ஓட்டு வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டு கதவு வைத்துவிட்டார்கள். அண்ணன் பக்கம்தான் எங்கள் பட்டியலில் வந்திருந்தது, தம்பி பக்கம் வரவில்லை. வாசல் மட்டும் பொது. அதில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் ஒரு பெரியவர்.

அண்ணனிடம் வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"நானு, சம்சாரம். பையன் ஓசூர்ல கம்பெனில இருக்கறான்."

"கட்டில்ல உக்காந்திருக்கற ஐயா?"

"எங்கப்பாங்க. அவரு இப்பத் தம்பி மொறைல இருக்காரு. இன்னும் நாலு நாள்ல அமாவாச. அது கழிச்சுதான் இந்தப் பக்கம் வருவாரு."

அந்த ஊரில் இது வழக்கம். நிலத்தைப் பிரித்ததும் பெற்றவர்களுக்கும் முறை வைத்துவிடுவார்கள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஒரு பிள்ளை வீட்டில் சோறு, அதற்கடுத்து இன்னொரு பிள்ளை வீட்டில். அமாவாசையன்று பெரியவர் தன் தட்டையும் டம்ளரையும் போர்வையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒரு கதவிலிருந்து வந்து மறு கதவுக்குள் போவாராம். பத்தடி தூரம் இருக்கும்.

எங்கள் பயிற்சியில் குடும்பம் என்றால் என்ன என்று ஒரு முழு நாள் பாடம் நடத்தியிருந்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். அதிலும் போன ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் அந்த வீட்டில் இருந்தவர்தான் அந்த வீட்டு ஆள். எதற்கும் கேட்டு வைப்போம் என்று அடுத்த கதவைத் தட்டினேன். தம்பி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ரேசன் கார்டுல மாமா பேரு பெரியவூட்டுலதாங்க இருக்குது. எங்க வூட்டுல எழுதிக்காதீங்க, அப்பறம் எதுனா கோளாறாயிடப் போவுது."

பாதிக்கு மேல் எந்த வீட்டில் இருந்தார் என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு நாள் கூடுதல் என்று இவர்களும் ஒப்பவில்லை, அங்கே ஒரு நாள் குறைச்சல் என்று அவர்களும் ஒப்பவில்லை. சரிபாதி. அப்படியென்றால் பாதிக்கு மேல் எங்கேயும் இல்லை. விதியை எழுதியவர்கள் இவ்வளவு நியாயமான பிள்ளைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "சாப்பாடு இப்ப அந்தப் பக்கம்னா விட்டுடுங்க மேடம், அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றார். விட்டுவிட்டேன். நாலு நாள் தள்ளிப் போயிருந்தால் மறுபேச்சில்லாமல் எழுதியிருப்பேன்.

அண்ணனுக்குக் கேள்வி எல்லாம் முடிந்து பிரஷர் மிஷினை எடுத்தேன். பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மகனுக்குக் கையில் பட்டை சுற்றுவதையும் அது உப்புவதையும் நம்பர் ஓடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் பார்த்து, நம்பரை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நிமிர்ந்தால் பெரியவர் சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு எனக்கு எதிரே குந்தியிருந்தார்.

"எனக்கும் ஒருவாட்டி பாரும்மா. காத்தால எந்திரிச்சா தல கிர்ருங்குது."

உங்கள் பெயர் பட்டியலில் வரவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டியபடியே இருந்தார். வண்டிக்காரர் ரோட்டில் ஹாரன் அடித்தார். அன்றைக்கு இன்னும் ஒரு வீடு பாக்கி. முந்தின வாரம் ஒரு ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு இரக்கப்பட்டுப் பார்த்துவிட்டு, தெருவே வரிசை கட்டி நின்று, மேற்பார்வையாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் மனதில் இருந்தது.

"நாளைக்கு வந்து பாக்கறேங்கய்யா" என்று சொல்லிவிட்டு மிஷினை என் பச்சைப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் எங்களுக்கு மொரப்பூர் பக்கம் வேலை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

விதியைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். டேப்பில் அவர் பெயரை ஏற்ற முடியாது என்பது நிஜம். ஆனால் அந்த மிஷினுக்கு அவர் எந்த வீட்டு ஆள் என்பது தேவையில்லை. கை இருந்தால் போதும், அது பார்த்துச் சொல்லிவிடும். இரண்டு நிமிட வேலை. அலுப்பாக இருந்தது, செய்யவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மூன்று வருடம் கழித்து இரண்டாம் சுற்று வந்தது. அதே வீடுகளுக்குப் போய் அதே ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் கட்டில் இல்லை. அண்ணன் காட்டு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி போர்வை ஒன்றை அலசிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"மாமாவுக்கு வாதம் அடிச்சிருச்சுங்க. வருசம் ஒன்னாவுது. வலது கையும் காலும் வராது, பேச்சும் கொழறுது."

அந்த நாளை அவர் நன்றாக நினைவில் வைத்திருந்தார். அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியவர் விழுந்திருக்கிறார்.

"ரெண்டு நாளு போயிருந்தா அந்தப் பக்கம் போயிருப்பாரு. எங்க மொறைல வுழுந்தாரு, எங்ககிட்டயே நின்னுட்டாரு. இப்ப மொறையாவது ஒன்னாவது, யாரு தூக்கிட்டுப் போறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் போர்வையைப் பிழிந்த அந்தக் கைகளைப் பார்த்தேன். ஒரு வருடமாகத் தூக்குவதும் புரட்டுவதும் துடைப்பதும் அந்தக் கைகள்தான். அந்த அம்மாவுக்கும் ஐம்பது ஆகிவிட்டது, இடுப்பு வலி என்று போன சுற்றிலேயே நான்தான் எழுதியிருக்கிறேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று டேப்பைத் திறந்தேன்.

புதிதாக இந்த வீட்டில் சேர்ந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டது. உண்டு. பாதிக்கு மேல் இங்கே இருக்கிறாரா? வருடம் முழுக்க இங்கேதான் கிடக்கிறார். பெரியவரின் பெயரை டேப் ஒரு தடங்கலும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. நடந்து போய் அடுத்த கதவுக்குள் நுழைய முடியாமல் ஆன பிறகுதான் அவர் ஒரு வீட்டு ஆள் ஆனார்.

உள்ளே ஜன்னல் ஓரம் அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவருக்கு வராத பதிலை மருமகள் சொன்னார். ரத்தக்கொதிப்பு இருப்பதாக முதன்முதலில் எப்போது தெரிந்தது என்ற கேள்வி வந்தது.

"வுழுந்தப்பறம் ஆசுபத்திரில சேத்தமே, அப்பத்தாங்க சொன்னாங்க. அதுக்கு மின்ன யாரும் பாத்ததில்ல. இப்ப மாத்திரை குடுக்கறோம்."

யாரும் பார்த்ததில்லை என்பதைத் தொட்டேன். அன்றைக்குப் பார்த்திருந்தால் நம்பர் என்ன காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சரியாகவே கூட இருந்திருக்கலாம். இந்த மூன்று வருடத்தில் இந்த ஊர்ப் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் அவர் நீட்டிய கை ஞாபகம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. மறந்தே போயிருந்தேன்.

ஞாபகசக்தி பார்க்கிற பகுதி வந்தது. பத்துச் சாதாரண வார்த்தைகளை நிதானமாக வாசிப்போம். கொஞ்ச நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்தப் பத்தில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்க வேண்டும். நடுவில் நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஆறு, கதவு, மாடு, துணி என்று வாசித்தேன். மற்ற கேள்விகளைக் கேட்டேன். பிறகு, "மொதல்ல சொன்ன வார்த்தைங்கள்ல ஞாபகம் இருக்கறத சொல்லுங்கய்யா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது.

"பச்சப் பை... வச்சிருந்த."

பை கிழிந்து போய் நான் வேறு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

"எதையோ ஒளர்றாருங்க. நீங்க எழுதிக்கிங்க" என்றார் மருமகள்.

"நாளைக்கு... வரேன்ன." அவர் முகத்தில் நல்லாயிருக்கிற பாதி சிரித்தது. குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சந்தோசமாக இருந்தார். "வந்துட்ட."

இடது கையைக் கொண்டுவந்து, மடியில் துவண்டு கிடந்த வலது கையின் சட்டையைச் சுருட்டத் தொடங்கினார். அது வரவில்லை, திரும்பத் திரும்ப நழுவியது. நான் குனிந்து சுருட்டி விட்டேன்.

டேப் காத்துக்கொண்டிருந்தது. பத்தில் எத்தனை சொன்னார் என்று கேட்டது. பூஜ்யத்தைத் தொட்டேன். தொட்டால்தான் பிரஷர் பார்க்கிற பக்கம் திறக்கும்.