கைதட்டல் விழாத கப்பல்

என் மாமா ஒரு கப்பல் கட்டினார். புளியங்கொட்டையால், எங்கள் வீட்டுத் தரையில்.

அம்மாவின் தம்பியான அவருக்கு அந்தமானின் சாத்தம் தீவில், மரம் அறுக்கும் மில்லில் வேலை. பாம்பூஃப்ளாட்டில் எங்களோடுதான் இருந்தார். காலையில் ஃபெர்ரி பிடித்து அக்கரை போனால், பொழுது சாய்கையில் தலையெல்லாம் மரத்தூளோடு திரும்புவார். மில்லில் இருந்த தமிழ் ஆட்களைச் சேர்த்து ஒரு டிரம் குழுவும் நடத்தினார். குடியரசு தினத்தன்று போர்ட் பிளேர் மைதானத்தில் அணிவகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பாஷைக்காரர்களும் தங்கள் வித்தையைக் காட்டுவது வழக்கம். முந்தைய வருஷம் மாமாவின் குழு வாசிக்கத் தொடங்கியதுமே ஜனங்கள் எழுந்து கடலை வாங்கப் போய்விட்டார்கள். அடுத்து வந்த தெலுங்குக்காரர்களின் புலி வேஷத்துக்கு விசில் காதைப் பிளந்தது. மாமாவுக்கு அது ஆறவே இல்லை.

"இந்த வருஷமும் கைதட்டு விழலேன்னா அடுத்த ஜஹாஜ்லயே மெயின்லேண்ட் போயிடறேன்க்கா" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. ஜஹாஜ் என்றால் கப்பல்; மெயின்லேண்ட் என்றால் கடலுக்கு அப்பால், தீவில் எல்லோரும் விட்டுவந்த சொந்த ஊர்ப்பக்கம்.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள் அம்மா.

பெரியவர்கள் கோபத்தில் சொல்வதைப் பெரியவர்களே நம்புவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அவர் போயே விடுவார் என்று நம்பிவிட்டேன். எனக்கு மாங்காய் அடித்துக் கொடுப்பதற்கும், அப்பா அடிக்க வந்தால் குறுக்கே நிற்பதற்கும் உலகத்தில் ஒரே ஆள் அவர்தான்.

இந்த வருஷத்துக்காக மாமா தரையில் கட்டிய கப்பலில் ஒவ்வொரு புளியங்கொட்டையும் ஒரு டிரம்காரர். முன்னால் கூர்மையாக இருவர், பின்னால் அகலமாக மற்றவர்கள், நடுவில் எஞ்சினாகப் பெரிய டிரம். மாமா சங்கு ஊதுவார். அது கப்பலின் சத்தம். அலை அடிப்பதுபோல் சின்ன டிரம்கள் உருளக் கப்பல் மெல்ல வந்து, கனவான்கள் உட்கார்ந்திருக்கும் பந்தலின் முன்னால் கரை சேரும். எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பல் வந்தால் எங்களுக்குத் தீபாவளி. ரிப்பன் வரும், நமத்துப்போன முறுக்கு வரும், அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பாள். இதற்குக் கைதட்டாத ஜனமும் உண்டா என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தானா மாமாவின் கூட்டாளி ஒருவர் வேலையை விட்டு ஊரோடு போக வேண்டும்? அம்மாவும் மாமாவும் அவரை வழியனுப்பக் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போனார்கள். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அங்கே ஒருவரும் நகரவில்லையாம்; அம்மா கையை ஆட்டிக்கொண்டே நின்றாளாம். திரும்பி வந்த மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். கரை சேர்ந்து நின்ற புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிச் சுவர்வரை கொண்டுபோனார்.

"போற கப்பலுக்கு எவன்யா கை தட்டுவான்? வந்து நின்னதோட முடிச்சுக்கோயேன்" என்றார் அப்பா.

மாமா கடைசிக் கொட்டையையும் சுவரோடு ஒட்டி வைத்தார்.

குடியரசு தினம் வந்தது. மைதானத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றேன். கப்பல் ஜோராக வந்தது. அது கரை சேரும்போதே எங்கோ ஒரு விசில் கிளம்பியது. இதோ தட்டப்போகிறார்கள் என்று நான் மூச்சைப் பிடித்தேன். அதற்குள் மாமா மறுபடியும் சங்கை எடுத்து ஊதிவிட்டார். விசில் பாதியில் நின்றது. டிரம்காரர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள். டிரம்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியில் பெரிய டிரம் மட்டும் மைதானத்துக் கேட்டுக்கு வெளியிலிருந்து மெல்ல ஒலித்தது. பிறகு அதுவும் இல்லை.

ஒருவரும் கை தட்டவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று, காலியாகக் கிடந்த கேட்டைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் முந்தானையால் வாயை மூடி அழுதாள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் கை வலிக்கத் தட்டினேன். அம்மா ஒரு கையால் என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய இன்னொரு கை தலைக்கு மேலே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜனங்கள் அழும் அளவுக்கா ஆட்டம் மோசம்? வீடு திரும்பியதும் முதல் வேலையாக மாமாவின் டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்துப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன். துணி எடுக்காமல் எப்படிக் கப்பல் ஏறுவார்?

சாயங்காலம் வங்காளி அம்மாள் இலையில் மீனோடு வந்தாள். வீங்கிய கண்ணோடு, "பையா, அக்லே சால் பி ஜஹாஜ் லானா" என்றாள். அடுத்த வருஷமும் கப்பலைக் கொண்டு வா தம்பி என்கிறாள். வியர்வை காய்ந்த டிரம் சட்டையோடு சாவியைத் தேடிக்கொண்டிருந்த மாமா, தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

அவள் போனதும் நான் உடைந்துவிட்டேன். "யாருமே கை தட்டலையே மாமா, நீங்க போயிடுவீங்களா?"

"எங்கேடி?" என்றார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. நான் நாடாவை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்ததும் வீடே சிரித்தது. அம்மாவைத் தவிர.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் போய் நின்றேன். "மாமா கேட்டுக்கு வெளியிலதானே நின்னாரு. அதுக்கு எதுக்கும்மா டாட்டா காட்டினே?"

"மாமாவுக்குக் காட்டலை" என்றாள்.

சாவி கைமாறியதோடு என் பயமெல்லாம் தீர்ந்திருந்தது. பின்னே யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மீனில் பெரிய துண்டு எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினேன்.